விண்ணப்பதாரர்

பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்டர்க்காரர் மவுஸ் சக்கரத்தை உருட்டினார். பட்டியல் கீழே ஓடி 2004-ல் தானாக நின்றது. விரலுக்குப் பழகிப்போன இடம் அது. இந்த வாரம் பி.எட். விண்ணப்பம் போட வந்தவர்கள் எல்லாம் அந்த ஆண்டிலோ அதற்கு முன்னே பின்னேயோதான் பிறந்திருந்தார்கள் போல.

“எந்த வருஷம் சார்?”

“இன்னும் கீழ போங்க தம்பி.”

1998 வந்தது. 1992 வந்தது.

“இன்னும்.”

சென்டர்க்காரர் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார். “பொண்ணுக்குத்தானே சார்? அவங்க டேட் ஆஃப் பர்த்தச் சொல்லுங்க.”

“எனக்குத்தான். செவன்ட்டி நைன்.”

அறையில் இருந்த எல்லோரும் ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம். சென்டர்க்காரர் மட்டும் தொழில் தர்மம் தெரிந்தவர். “ஓ, சரி சார்” என்று திரும்பவும் உருட்டத் தொடங்கினார்.

புதுக்கோட்டையில் மேல ராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்து. 2025 ஜூலை முதல் வாரம். இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் மெஷின், கூப்பிட்டால் ஒரு தரம் தும்மிவிட்டு வேலை செய்யும் ஒரு பிரிண்டர். சுவரில் ‘ஆதார் திருத்தம் இங்கு செய்யப்படாது’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கையெழுத்து அது. எனக்கு ஒரு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும். பதிவுத்துறை சர்வர் சுற்றிக்கொண்டே இருந்ததால் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த ஆளை அழைத்துவிட்டார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து திரையும் தெரிந்தது, விண்ணப்பதாரரின் கைகளும் தெரிந்தன.

மருந்துக் கம்பெனி ரெப் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் நிற்க வைத்த கறுப்புத் தோல்பை. எல்லாவற்றையும்விட, அவர் உட்கார்ந்திருந்த விதம். நோயாளிகளை எல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியில் கூப்பிடுவார்கள் என்று டாக்டர் அறைக்கு வெளியே வருஷக்கணக்கில் காத்திருந்து பழகிய உடம்பு. கால் மேல் கால் போடவில்லை. போனை நோண்டவில்லை. கதவு திறக்கும்போது மட்டும் முதுகு ஓர் அங்குலம் நிமிர்ந்தது. தலைக்கு டை அடித்திருந்தார். காதோரத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது.

அடுத்தது பெயர். அங்கேயும் சிக்கல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் ஓர் எழுத்தாக நிற்கிறது. ஆதாரில் அப்பாவின் பெயர் முழுசாக விரிந்து பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

“எதப் போடட்டும் சார்?”

“எது சரியோ அதப் போடுங்க.”

“ரெண்டும் சரிதான் சார். வெரிஃபிகேஷன்ல உக்காந்திருக்கிறவருக்கு எது சரின்னு படணுமே.”

எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் உள்ளபடியே போடுவது என்று முடிவானது. இந்த நாட்டில் ஒருவர் யார் என்பதைப் பதினைந்து வயதில் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். மற்ற காகிதங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சான்றிதழ்கள் ஒரு பச்சை ஃபைலிலிருந்து வெளியே வந்தன. 1996-ல் எழுதிய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் லேமினேட் செய்யப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் சான்றிதழைப் பத்திரப்படுத்துவது என்றால் அதுதான். இப்போது அதுவே தொல்லை. ஸ்கேனரின் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டுத் தெறித்து, திரையில் வெள்ளைப் பட்டை ஒன்று குறுக்கே விழுந்தது. விழுந்த இடம் சரியாக வேதியியல் மதிப்பெண். சென்டர்க்காரர் பட்டியலைச் சாய்த்து வைத்தார், திருப்பி வைத்தார், மேலே ஒரு நோட்டை வைத்து அழுத்தினார். பட்டை இயற்பியலுக்கு நகர்ந்தது. ரெப் எழுந்துபோய் இரண்டு விரலால் ஓரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நகத்தைச் சுத்தமாக வெட்டியிருந்த விரல்கள். மூன்றாவது தடவையில் எல்லாப் பாடமும் தெரிந்தது.

டி.சி. மட்டும் லேமினேட் ஆகாமல் மடிப்பு விழுந்து கிடந்தது. மன்னர் கல்லூரி, 1999. கல்லூரியை விட்டு விலகக் காரணம்: படிப்பு முடிந்தது. நடத்தை: நன்று.

“அதுக்கப்புறம் எங்கேயும் சேரலையா சார்?”

“இல்ல.”

“அப்ப டி.சி. சரி.”

வேதியியல் படித்த புதுக்கோட்டைக்காரர் ஒருவரை ஊரே அறியும். ஜெமினி கணேசன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தவர்தான். 1947-ல் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். வகுப்பறையை விட்டுப் போகிறவனின் கதை யாருக்கும் உடனே புரிகிறது. இருபத்தைந்து வருஷம் கழித்து வகுப்பறைக்குள் வர நினைக்கிறவரைப் பார்த்தால்தான் ‘ஏன்?’ என்று கேட்கத் தோன்றுகிறது. அங்கே எல்லோர் முகத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. முதலில் வாயைத் திறந்தது, மகளுக்கு விண்ணப்பம் போட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாதான்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். இந்த வயசுக்கு மேல படிப்பு ஏறுமா?”

ரெப் கோபப்படவில்லை. அதைவிட மோசமான கேள்விகளை வரவேற்பறைகளில் கேட்டிருப்பார். “எங்கம்மா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டப்போ அவங்களுக்கு நாப்பது தாண்டிருச்சுக்கா. அறிவொளி வந்தப்போ. நான் அப்போ எட்டாவது.”

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “எங்க ஆத்தாளும் அறிவொளிலதான் சைக்கிள் பழகுச்சு! கந்தர்வகோட்டை ரோட்ல விழுந்து முட்டிய ஒடச்சுக்கிட்டு வந்துச்சு.”

1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாரைத் தட்டினாலும் ஒரு கதை வரும். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் முதல்முதலாகப் பெடல் மிதித்தார்கள். ராத்திரி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் சின்ன வயசுத் தொண்டர்கள். எதிரே சிலேட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களுக்கு அம்மா, பாட்டி வயசுக்காரர்கள். நாற்பது வயது மாணவர்களை இந்த ஊர் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஆனால் அந்த மாணவர்களை யாரும் பிறந்த ஆண்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை.

மகள் பெஞ்சின் ஓரத்தில் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளும் கெமிஸ்ட்ரி. அவளும் மன்னர் கல்லூரி. ரெப் உற்சாகமாகிவிட்டார். தன் காலத்துப் பேராசிரியர் ஒருவரின் பட்டப்பெயரைச் சொல்லி, “இருக்காரா?” என்றார். அவளுக்கு யாரென்றே தெரியவில்லை. லேப் இன்னும் அதே பழைய கட்டடத்திலா என்றார். “தெரியல அங்கிள்” என்றாள். இருவருக்கும் இடம் கிடைத்தால் இன்னும் இரண்டு மாதத்தில் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். அப்போதும் அங்கிள்தானா?

“எவ்வளவும்மா பர்சென்டேஜ்?”

“எய்ட்டி சிக்ஸ் அங்கிள்.”

அவர் தலையை ஆட்டினார். அவருடையது அறுபத்தொன்று. 1999-ல் அது வகுப்பில் நாலைந்து பேர் மட்டும் எடுத்த முதல் வகுப்பு என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார் என்று எனக்குப் பட்டது.

விதியைப் பார்த்தால் கதவு எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. பட்டப்படிப்பில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 40. பி.எட். படிக்க வயது உச்சவரம்பு இல்லை. ஆனால் தரவரிசை பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய அறுபத்தொன்றையும் போன வருஷத்து எண்பத்தாறையும் ஒரே தராசில் போடுகிறார்கள். வயதைக் கேட்காமலே வயதைக் கழித்துவிடுகிற வழி அது. அரசுக் கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14, எல்லாம் சேர்த்து 2,040 இடங்கள். அதைப் பாடவாரியாகப் பிரித்து, இனவாரியாகப் பிரித்து, கெமிஸ்ட்ரிக்கு எத்தனை வரும், அதில் இந்த ஊர்க் கல்லூரியில் எத்தனை என்று பார்த்தால் எண்ணிக்கை சடசடவென்று இறங்கிவிடும்.

ரெப்புக்கு இந்த ஊர் அரசுக் கல்வியியல் கல்லூரி கிடைத்தால் போதும். “சைதாப்பேட்டை கெடச்சாலும் போக முடியாது தம்பி. வீடு இங்க இருக்கு.” சைதாப்பேட்டை என்றால் சின்னப் பெயரில்லை. 1856-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வழியில் வந்தது, நாட்டிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. ஆனால் நடுத்தர வயதுக்காரருக்குப் பழமை பெரிதில்லை, பைக்கில் போகிற தூரம்தான் பெரிது.

“பி.ஜி. இருக்கா சார்? இருந்தா கொஞ்சம் மார்க் சேரும்.”

“இல்ல.”

“எம்.பில்.?”

“பி.ஜி.யே இல்லைங்கறேன்.”

“சாரி சார். வரிசையா கேக்குது, நானும் கேக்கறேன்.”

வரிசையாகக் கேட்டுக்கொண்டே போன படிவம் சட்டென்று சாதிச் சான்றிதழ் எண்ணுக்குத் தாவியது. ரெப் திரையை நோக்கிக் குனிந்தார்.

“தம்பி, கொஞ்சம் மேல போங்க. வேலை பாத்தது எங்க வரும்?”

“எந்த வேலை சார்?”

“நான் இருபத்தஞ்சு வருஷமா பாக்கற வேலை.”

சென்டர்க்காரர் மேலே போனார், கீழே வந்தார். “அது கேக்கல சார்.”

“வேற எங்கேயாவது, அதர் டீட்டெயில்ஸ் மாதிரி?”

“இல்ல சார். டிகிரி முடிச்ச வருஷம், அப்புறம் நேரா கம்யூனிட்டி.”

அவர் மறுபடி நாற்காலியில் சாய்ந்தார். ஆலங்குடி, அறந்தாங்கி, கீரனூர் என்று மழையிலும் வெயிலிலும் பைக்கில் சுற்றியது, மூன்று கம்பெனி மாறியது, ஒவ்வொரு புது மருந்துக்கும் உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுதியது, புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பழக்கிவிட்டது. அந்தப் படிவத்தைப் பொறுத்தவரை அவர் 1999-ல் பி.எஸ்சி. முடித்துவிட்டு நேராக இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். படிவத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லூரி முடித்த கையோடு வருகிறவரை மனதில் வைத்துச் செய்தது அது. அப்படி வராத ஒருவரை அது கற்பனை செய்துகூடப் பார்க்கவில்லை.

போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டு எடுத்தார். குரல் ஒரு படி ஏறியது.

“ஃபீல்டுலதான் சார் இருக்கேன்... ஆமா சார், டாக்டர் ஓ.பி. இன்னும் முடியல... பன்னெண்டரைக்குள்ள ரெண்டு கால் முடிச்சுட்டு அப்டேட் பண்ணிடறேன் சார்.”

வைத்ததும் இன்னொரு அழைப்பு. இந்தத் தடவை எதிர்முனைக் குரல் எங்களுக்கே கேட்டது. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். சுயநிதிக் கல்லூரி ஒன்றின் சேர்க்கை ஆள். “சார், கவர்மென்ட்டெல்லாம் உங்களுக்குக் கெடைக்காது. நம்மகிட்ட வாங்க. நீங்க வேலைய விட வேண்டாம். காலேஜுக்கு வரவே வேண்டாம். எக்ஸாமுக்கு வந்தாப் போதும், அட்டெண்டன்ஸெல்லாம் நாங்க பாத்துக்கறோம்.”

“வராம எப்படிங்க சொல்லிக்கொடுக்கக் கத்துக்கறது?”

எதிர்முனையில் சின்ன மௌனம். அப்படியொரு கேள்விக்கு அவர்களிடம் பதில் தயாராக இல்லை போலும். “சரி சார், யோசிச்சுச் சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

பி.எட். ஒரு வருடமாக இருந்ததை 2015-லிருந்து இரண்டு வருடமாக்கினார்கள். வகுப்புக்கு 80 சதவீத வருகை, பள்ளியில் செய்யும் பயிற்சிக்கு 90 சதவீதம் என்பது விதி. பள்ளிப் பயிற்சி மட்டுமே இருபது வாரம். இருபத்தோரு வயதில் இதெல்லாம் ஒன்றுமில்லை. குடும்பம் நடத்துகிறவருக்கு இரண்டு வருடம் என்பது இருபத்துநாலு சம்பளம். வராமலே பட்டம் தருகிற கடைகள் இந்தக் கணக்கை நம்பித்தான் நடக்கின்றன. அந்தப் பட்டத்தோடு வகுப்பறைக்குள் நுழைகிறவர்களைப் பார்த்துவிட்டுத்தான் ‘வாத்தியார்கள் சரியில்லை’ என்று ஊர் பேசுகிறது.

சென்டர்க்காரரும் அந்தக் கணக்கைத்தான் நினைத்திருக்க வேண்டும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம எப்படி சார்?”

“வீட்டுக்காரம்மா பி.எச்.சி.ல ஃபார்மசிஸ்ட்.”

“அப்ப சரி.”

அந்த ‘அப்ப சரி’யில் ஒரு சமூக ஆராய்ச்சியே இருந்தது.

“ஏன் சார் விடறீங்க இந்த வேலைய? டார்கெட்டா?”

“டார்கெட் எப்பவும் இருக்கறதுதான்.” பையின் ஜிப்பைப் பாதி திறந்து மூடினார். “ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு பேர்கிட்ட பேசறேன் தம்பி. எல்லாரும் தலையாட்டறாங்க. ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கறதில்ல.”

“பசங்க மட்டும் கேட்டுருவாங்களா சார்?”

“யாராவது ஒருத்தன் கேப்பான்ல?”

சென்டர்க்காரர் சிரித்தார். பெடகாஜி பாடம் என்ற இடத்தில் ரெப் சொல்வதற்கு முன்பே பிஸிக்கல் சயின்ஸைத் தேர்ந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

“கெமிஸ்ட்ரின்னுல்ல வரணும்?”

“மேஜர்தான் சார் கெமிஸ்ட்ரி. பி.எட்.ல சொல்லிக்கொடுக்கறது பிஸிக்கல் சயின்ஸ். பிஸிக்ஸும் சேத்து நடத்தணும்.”

“நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே.”

“நானும் பி.எட். முடிச்சவன்தான் சார். மேத்ஸ்.”

ரெப் அவரை இப்போதுதான் முழுசாகப் பார்த்தார். முப்பத்தைந்து, முப்பத்தாறு இருக்கும். கழுத்தில் சென்டரின் அடையாள அட்டை.

“டெட் எழுதலையா?”

“2013-லயே பாஸ் சார். தொண்ணூத்தி நாலு.”

அதற்கு மேல் அவர் சொல்லச் சொல்ல, ரெப்பின் கை பையின் மேலேயே இருந்தது. தமிழ்நாட்டில் முதல் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சத்துக்கும் மேல் எழுதியதில் தேறியவர்கள் 2,448 பேர். அதைப் பார்த்து மிரண்டுபோய்த்தான் இவர் அடுத்த வருடத்துக்கு உயிரைக் கொடுத்துப் படித்தார். தேறினார். பிறகு வெயிட்டேஜ் என்று ஒன்று வந்தது. டெட் மதிப்பெண்ணோடு பிளஸ் டூ, டிகிரி, பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். “பிளஸ் டூல எனக்குக் கம்மி சார். அங்க அடிச்சிருச்சு.” 2018-ல் வெயிட்டேஜ் போனது. அதற்குப் பதிலாக, டெட் தேறியவர்களுக்கு நியமனத்துக்கென்று தனியாக இன்னொரு போட்டித் தேர்வு என்றார்கள். அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். அதற்குள் இவருக்குக் கல்யாணமாகி, இந்தச் சென்டரும் வந்துவிட்டது. அதையும் எழுதினார். மூன்று மார்க்கில் போனது.

சொல்லும்போது குரலில் புகார் எதுவும் இல்லை. ஸ்கேன் செய்த படத்தின் அளவைக் குறைத்துக்கொண்டே, பஸ் மாறிப் போகிற வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

“பயமுறுத்தறேன்னு நெனைக்காதீங்க சார். உங்க கணக்கையும் சொல்லிடறேன். இப்ப நாப்பத்தாறு. முடிக்கும்போது நாப்பத்தெட்டு. டெட் ஒரு வருஷம், போட்டித் தேர்வு எப்ப வைப்பாங்களோ. அம்பது, அம்பத்தொண்ணுன்னு வைங்க. முன்னாடின்னா ஏஜ் பார் ஆயிருக்கும். 2023-ல கூட்டிட்டாங்க. ஓ.சி.க்கு அம்பத்திமூணு, மத்தவங்களுக்கு அம்பத்தெட்டு. அதனால எழுதலாம். ரிட்டயர்மென்ட் அறுபது. ஒம்போது, பத்து வருஷம் சர்வீஸ்.”

“பத்து வருஷம்னா பத்து பேட்ச் தம்பி.”

சென்டர்க்காரர் இதற்குப் பதில் சொல்லவில்லை. தப்புக்கணக்கு என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த மனுஷர் பத்து என்பதைச் சொன்ன விதத்தில், குறைவு என்ற எண்ணமே இல்லை.

இருவருக்கும் அன்று தெரியாத ஒன்று உண்டு. அடுத்த இரண்டு மாதத்தில், செப்டம்பர் 1 அன்று, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருக்கிற, டெட் எழுதாமல் பணியில் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் அதைத் தேற வேண்டும். இருபது வருடம் பாடம் நடத்தியவர்களும் விண்ணப்பதாரர் ஆனார்கள். அதே நாற்காலியில் அவர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

கையெழுத்துக்கு வந்தது. வெள்ளைத் தாளில், கறுப்பு மையில், கட்டத்துக்குள். ரெப் பையிலிருந்து பேனா எடுத்தார். மாத்திரையின் பெயர் அச்சடித்த பேனா. வேகமாக ஒரு சுழி போட்டார்.

“இது செல்லாது சார். டி.சி.ல இருக்கற மாதிரி போடுங்க.”

டி.சி.யில் இருந்தது இருபது வயதுப் பையனின் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கடைசியில் இரண்டு புள்ளியோடு. அவர் அதைப் பார்த்துப் பார்த்து எழுதினார். முதல் தடவை கட்டத்தை விட்டு வெளியே போனது. இரண்டாவது தடவை புள்ளியை மறந்துவிட்டார். மூன்றாவதைச் சென்டர்க்காரர் ஏற்றுக்கொண்டார்.

கட்டணம் 500 ரூபாய். க்யூ.ஆர். ஸ்கேன் செய்தார், பணம் போனது, பக்கம் திரும்பவில்லை. காத்திருக்க வேண்டியதாயிற்று. சும்மா இருக்கும் நேரத்தில் ரெப் ஒருவர் பக்கத்தில் கிடைத்தால் நம்மவர்கள் என்ன கேட்பார்களோ அதைச் சென்டர்க்காரரும் கேட்டார்.

“சார், எங்கம்மாவுக்கு கேஸ் மாத்திரை ஒண்ணு குடுத்திருக்காங்க. பேன்டாப்ரசோல். சாப்பாட்டுக்கு முன்னாடின்னு எழுதியிருக்கு. அவங்க சாப்பிட்டுட்டுத்தான் போடறாங்க. என்ன சார் வித்தியாசம், எப்படியும் வயித்துக்குள்ளதானே போகுது?”

ரெப் நாற்காலியை முன்னால் இழுத்தார். கையெழுத்து கெட்டுப்போன தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு பை மாதிரி வரைந்தார்.

“இது வயிறு. இந்தச் சுவர்ல பூரா சின்னச் சின்ன பம்ப். ஆசிட்ட உள்ள தள்ற பம்ப். சும்மா இருக்கறப்போ பாதிக்கு மேல தூங்கிக்கிட்டு இருக்கும். சாப்பாடு உள்ள வந்ததும் முழிச்சு வேலைய ஆரம்பிக்கும். இந்த மாத்திரை தூங்கற பம்ப ஒண்ணும் பண்ணாது. முழிச்சு ஓடுற பம்பத்தான் புடிச்சு நிறுத்தும். இப்பச் சொல்லுங்க, மாத்திரை ரத்தத்துல வந்து ரெடியா எப்ப நிக்கணும்?”

சென்டர்க்காரர் யோசித்தார். “பம்ப் முழிக்கிறப்போ.”

“அப்ப எப்பப் போடணும்?”

“சாப்பாட்டுக்கு... அரை மணி முன்னாடி.”

“அவ்வளவுதான்.”

பெஞ்சிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “ஆசிட்லயே இருந்தா மாத்திரை கரைஞ்சுராதா அங்கிள்?”

ரெப் திரும்பினார். முகத்தில் பளிச்சென்று ஒரு சந்தோஷம். “அதுக்குத்தான் மேல ஒரு கோட்டிங். வயித்துல கரையாது, தாண்டிப் போய்க் குடல்ல கரையும். அங்கேருந்து ரத்தத்துல ஏறி, சுத்திக்கிட்டு வந்து இந்தச் சுவத்தப் பின்பக்கமா புடிக்கும்.” குடலிலிருந்து வயிற்றுக்கு அம்புக்குறி போட்டார். அந்தப் பெண் கேட்டதைவிட இரண்டு வாக்கியம் அதிகமாகவே சொன்னார்.

நன்றாகத்தான் சொன்னார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. டாக்டர் மேஜைக்கு எதிரே நின்று அந்த அளவுக்கே தறித்துத் தறித்துப் பழகிய பேச்சு. பள்ளிக்கூடத்து வகுப்பு முக்கால் மணி நேரம், கடைசி பெஞ்சில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். எதிரே இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. மீதி நேரத்தை என்ன செய்வது என்பதைத்தான் அந்த இரண்டு வருடத்தில் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கற்றுக்கொடுக்கிற கல்லூரி வாய்க்க வேண்டும்.

பக்கம் திரும்பியது. விண்ணப்ப எண் வந்தது. பிரிண்டர் தும்மிவிட்டு மூன்று தாள்களைத் துப்பியது.

“கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்டா எல்லா ஒரிஜினலும், ரெண்டு செட் ஜெராக்ஸும். டி.சி.ய இப்பவே நாலு காப்பி எடுத்து வச்சுக்குங்க சார். சேந்துட்டீங்கன்னா அத வாங்கி வச்சுக்குவாங்க. அந்த பிளஸ் டூ லேமினேஷனப் பிரிக்க முயற்சி பண்ணாதீங்க, எழுத்தோட வந்துரும்.”

“மார்க்குக்கு வரலேன்னா?”

“அடுத்த வருஷமும் போடலாம் சார். வயசுதான் தடையில்லையே.”

இதைக் கேலியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ரெப் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. தாள்களைப் பச்சை ஃபைலில் அடுக்கி, ஃபைலைத் தோல்பைக்குள் சாம்பிள் அட்டைகளுக்குக் கீழே தள்ளினார்.

“எவ்வளவு ஆச்சு தம்பி?”

“அப்ளிகேஷன் நூத்தம்பது, ஸ்கேனு, பிரிண்ட்டு எல்லாம் சேத்து எரநூத்துப் பத்து. எரநூறு குடுங்க போதும். பில்லு வேணுமா சார்?”

“ஆமா, கம்பெனி பேர்ல...” என்று தொடங்கியவர் நிறுத்தினார். சென்டர்க்காரர் பில் புத்தகத்தைத் திறந்து கார்பனைச் செருகியிருந்தார். அவரும் நிறுத்தினார். அந்த அம்மாதான் முதலில் சிரித்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். “பழக்கதோஷம்” என்று சொல்லி இருநூறை மேஜையில் வைத்துவிட்டு, மணியைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார். பன்னிரண்டரைக்குள் இரண்டு டாக்டர்களைப் பார்க்க வேண்டும்.

“பாப்பா, நீ வாம்மா” என்றார் சென்டர்க்காரர். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க சர்வர் இன்னும் சுத்துது சார்” என்றார். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். மவுஸ் சக்கரம் உருண்டு, அதற்குப் பழகிய இடத்துக்குப் போனது.

“எந்த வருஷம்மா?”

“2004 மார்ச்சு. அண்ணே, அந்த அங்கிளோட எனக்கும் ஒரே காலேஜ் விழுமா?”

“மொதல்ல உனக்கு விழட்டும். கம்யூனிட்டி சர்ட்டிபிகேட் எடு.”